இளைஞர் விழாவை இளைஞர்களிடமே விடலாமா? விடுங்கள், ஆனால் முழுதாக விடுங்கள்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு நாட்டுப்படகு ஊர் எங்களுடையது. மீனவர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் போல, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள், கரை ஒதுங்குகிற கிழிந்த வலைகளை அள்ளிப் போடுகிறார்கள், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு பேங்க், ஆதார் வேலையெல்லாம் எழுதித் தருகிறார்கள். ஆகஸ்ட் 12 இளைஞர் தினத்தன்று மேடை போட்டு, சால்வை, ஷீல்டு கொடுத்து பாராட்டலாம் என்று ஊரில் பேச்சு. பிள்ளைகளோ, 'விழாவை நாங்களே நடத்துகிறோம், செலவுக்கு மட்டும் கொடுங்கள்' என்கிறார்கள். பெரியவர்களுக்குத் தயக்கம். விடலாமா? விட்டால் எப்படி?

பதில்: விடலாம். விடுவதுதான் பாராட்டு. சால்வை அன்று சாயங்காலமே பீரோவுக்குள் போய்விடும், ஆனால் 'உங்களை நம்பி ஊர்க் காசைக் கொடுக்கிறோம், நீங்களே நடத்துங்கள்' என்று ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் முன்னால் சொன்னால் அதை அந்தப் பிள்ளைகள் ரொம்ப நாள் மறக்க மாட்டார்கள். பாதி விடுவதுதான் ஆகாது. தேதியும் மேடையும் விருந்தினரும் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டு, நாற்காலி போடவும் டீ கொடுக்கவும் மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டால், அதற்குப் பதில் பழைய மாதிரி நீங்களே நடத்திவிடலாம்.

முதலில் தேதி, ஏனென்றால் நம் கரையில் தேதியை காலண்டர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆகஸ்ட் 12 ஐநா அறிவித்த சர்வதேச இளைஞர் தினம், 2000-லிருந்து உலகமெங்கும் கொண்டாடுகிறார்கள், நல்ல நாள்தான். ஆனால் அது ஆடிக் கடைசி. காற்று மணலை வாரி அடிக்கும், கடற்கரையில் பந்தல் நிற்காது. போதாததற்கு பெரும்பாலும் வார நாளாகத்தான் வரும், மதுரையிலும் ராமநாதபுரத்திலும் படிக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்த நாள், தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள், பக்கத்து ராமேஸ்வரம் தீவில் பிறந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் தனி ஆசை இருக்கும். அது மழை தொடங்குகிற நேரம், ஆகவே கூரைக்குக் கீழே நடத்த இடம் இருந்தால் மட்டும். ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாள், தேசிய இளைஞர் தினம். 1897 ஜனவரியில் அவர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில்தான் இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் போய் வரவேற்றார், குந்துகாலில் நினைவிடமே இருக்கிறது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, என்னைக் கேட்டால் திறந்தவெளியில் நடத்த மூன்றில் இதுதான் வசதியான தேதி.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் 15. அன்று காலையில் கிராம சபை. 18 வயது நிறைந்து, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர், எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். பிள்ளைகள் செய்த வேலையைப் பாராட்டி ஒரு தீர்மானம், அவர்கள் ஊருக்காகக் கேட்கிற ஒன்றிரண்டு விஷயம் (படிப்புக்கூடத்துக்கு விளக்கு, அள்ளிய வலையைக் கொட்ட ஓர் இடம் என்று இருக்கலாம்) இன்னொரு தீர்மானம். இரண்டும் பதிவேட்டில் ஏற வேண்டும். மேடையில் நூறு பேர் புகழ்ந்தாலும் காற்றோடு போகும், பதிவேட்டில் இரண்டு வரி இருந்தால் அடுத்த வருஷம் 'என்ன ஆச்சு' என்று கேட்கலாம். காலையில் இது, சாயங்காலம் விழா, காற்று அன்றும் அடிக்கும் என்பதால் கூரைக்குக் கீழே. நீங்கள் மண்டபம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினரிடம் பகுதி சபை எப்போது என்று கேட்டு அங்கே கொண்டு போங்கள்.

நேரத்தை வைக்கும்போது கடலையும் பாருங்கள். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், தொழில் செய்கிற ஊர் என்றால் விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு கரையில் இருக்கும், அந்த நாளாக இருந்தால் அப்பாக்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை, இரண்டையும் விட்டுவிடுங்கள். பாசிக்குப் போகிற பெண்கள் திரும்பி வந்து, குளித்து, சோறு பொங்கி முடிக்காமல் எந்த விழாவும் ஆரம்பிக்கக் கூடாது. பிள்ளைகள் யாருக்காக ஓடினார்களோ அவர்களே இல்லாமல் என்ன விழா?

இனி காசு. பெரியவர்களின் தயக்கம் இங்கேதான் இருக்கும், அது நியாயமும்கூட, ஏனென்றால் அது ஊர் வரி, கடலில் உழைத்த காசு. ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவை அந்த இருபது பேரே தேர்ந்தெடுக்கட்டும், அதில் பாதி பெண்பிள்ளைகள் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள். 18 வயது நிறைந்த இருவர் பெயரில் பொறுப்பு, ஒருவர் ஆண், ஒருவர் பெண். மொத்தத் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'பார்த்துக்கலாம், செய்யுங்க' என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பில்லுக்கும் அவர்களைக் கையேந்த வைக்காதீர்கள், சண்டை எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒரு நோட்டு, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், ரசீதை ஒட்டி வைக்க வேண்டியது, விழா முடிந்த மறுநாள் கணக்கை பெரிய தாளில் எழுதி சங்கக் கட்டடச் சுவரில் ஒட்ட வேண்டியது. இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் நடுவில் தலையிட வேண்டிய அவசியமே வராது. பெரியவர்கள் இரண்டு பேர் ஆலோசனைக்கு இருக்கட்டும், கேட்டால் சொல்லட்டும், ஓட்டு வேண்டாம்.

எதில் செலவழிப்பது என்பது அவர்கள் முடிவு. ஆனாலும் ஒன்று சொல்லி வையுங்கள்: பந்தல், மைக் செட், சாப்பாடு மூன்றும் சேர்ந்து பாதிப் பணத்துக்கு மேல் தின்றுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் பாருங்கள், கிடைத்துவிட்டால் பந்தலே வேண்டாம். பிளெக்ஸும் வேண்டாம், பழைய பாய்த்துணி எந்த வீட்டிலும் கிடக்கும், அதில் பிள்ளைகள் பெயிண்டில் எழுதினால் ஊர் முழுக்க நின்று பார்க்கும். ஸ்பான்சர் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாங்கலாம், அவர்கள் படத்தை மேடையில் வைப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிற பணம் அவர்கள் வேலைக்கே போகட்டும்.

யாரைப் பாராட்டுவது என்பது அடுத்த சிக்கல். 'சிறந்த இளைஞர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தயவு செய்து. இருபது பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவன் மட்டும் கேடயத்தோடு போனால் மறுவாரம் குழுவே உடைந்துவிடும். அதோடு கேமரா முன்னால் நிற்கிறவன்தான் எல்லோர் கண்ணிலும் படுவான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வராமல் நின்றுபோன வீடு ஒவ்வொன்றாகப் போய், பாஸ்புக்கில் ஒரு எண் தப்பு, ஆதாரில் ஒரு எழுத்து தப்பு என்று கண்டுபிடித்து சரிசெய்து கொடுக்கிற பெண்பிள்ளை ஒருத்தி நிச்சயம் உங்கள் ஊரில் இருப்பாள், அவள் போட்டோ எங்கேயும் இருக்காது. அவளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, உதவி வாங்கினவர்களைக் கேட்பது. தெருத் தெருவாகப் போய் 'இந்த வருஷம் நம்ம ஊரு பிள்ளைக யாராச்சும் உங்களுக்கு எதாச்சும் செஞ்சாங்களா' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விழா நாளில் மேடையில் பேச வேண்டியவர்களும் அவர்கள்தான். பாசி எடுக்கிற அம்மா ஒருவர் மைக்கைப் பிடித்து, 'எனக்குக் கையெழுத்துப் போட சொல்லித் தந்தது இந்தப் பொண்ணுதான்' என்று இரண்டு நிமிஷம் பேசினால் போதும், அதைவிடப் பெரிய விருந்தினர் யாரும் வேண்டியதில்லை. முக்கியஸ்தர்களைக் கூப்பிடுங்கள், மரியாதை செய்யுங்கள், ஐந்து நிமிஷம் என்று முன்பே சொல்லி வையுங்கள், அவர்கள் வரத் தாமதமானால் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுங்கள்.

பேச்சைக் குறைத்து வேலையைக் காட்டுங்கள். இதற்கு நம் கரையில் விஷயம் ஏராளம். கரையிலிருந்து அள்ளிய நைலான் வலையை மூங்கில் கழிகளில் விரித்துக் கட்டி, பக்கத்தில் அந்தப் பிள்ளைகளையே நிறுத்துங்கள். எந்தக் கரையில் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்து இழுத்தார்கள், இதில் ஆமையும் ஆவுளியாவும் (கடல்பசு) எப்படி மாட்டும், நம் வலைக்கு வருகிற நண்டும் மீனும் இதில் எப்படி வீணாய்ச் செத்துப் போகும் என்று அவர்கள் சொல்லட்டும். தாத்தாக்கள் வந்து வலையைத் தடவிப் பார்த்து, இது இன்ன வலை, இன்ன கண்ணி, இந்தப் பக்கத்து வலையே இல்லை என்று பேச ஆரம்பிப்பார்கள், பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்வார்கள். வயசு வித்தியாசம் இல்லாமல் பேச்சு ஓடும். ஒரு எச்சரிக்கை: வலையில் ஒட்டிக்கொண்டு வருகிற பவளத் துண்டு, கடல் விசிறி, கடல் அட்டை எதையும் மேசையில் எடுத்து வைத்துவிடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை காக்கப்பட்டவை, செத்த துண்டாக இருந்தாலும் கையில் வைத்திருப்பது குற்றம். அப்படி ஏதும் வலையில் இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், காட்சிக்குச் சுத்தமான வலையை மட்டும் வையுங்கள்.

விழாவோடு சேர்த்துக் கடற்கரைச் சுத்தம் செய்கிறார்கள் என்றால் மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் முன்பே சொல்லுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதற்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ட்ரோனும் வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை என்று இருக்கிற இடம் இது, கல்யாண வீடியோ எடுக்கிறவர் 'பறக்க விடலாம்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். பாய்மரப் போட்டி வைக்க ஆசைப்பட்டால் மீன்வளத்துறைக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருந்தால் மட்டும். மைக்குக்கு உள்ளூர் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும், கூம்பு ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. இந்தக் கடிதங்களையெல்லாம் பிள்ளைகளே எழுதி அவர்களே போய்க் கொடுக்கட்டும், முதல் தடவை நீங்கள் கூடப் போய் பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, மேடை முழுக்க பையன்கள் என்றால் அது யாருடைய விழா? வரவு செலவு, மைக், நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்வது, இவை அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். வீட்டில் விடமாட்டார்கள் என்பது உண்மைதான், அதற்காகத்தான் மூன்றரைக்கு ஆரம்பித்து ஆறு, ஆறரைக்குள் முடியுங்கள் என்கிறேன். ஆயத்தக் கூட்டங்களும் பகலில், பள்ளிக்கூடத்தில் அல்லது சங்கக் கட்டடத்தில், அம்மாக்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி. படம் எடுப்பதில் ஒரு கட்டுப்பாடு இருக்கட்டும்: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படத்தை வீட்டில் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. உதவி வாங்கினவர்கள் முகத்தையும் அப்படித்தான்.

பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கிற 90.4 கடல் ஓசை சமுதாய வானொலியை மறந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பேச வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கடலில் இருக்கிற அண்ணன் தம்பிகளும் கேட்பார்கள்.

சான்றிதழ் கட்டாயம் கொடுங்கள், ஆனால் கடையில் வாங்கின 'சேவையைப் பாராட்டி' என்கிற அச்சுத் தாள் வேண்டாம். இன்னார், இன்ன தேதியிலிருந்து, வாரத்துக்கு இத்தனை நாள், இத்தனை பிள்ளைகளுக்கு, இன்ன பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதி, சங்க முத்திரை வைத்துக் கையெழுத்துப் போடுங்கள். கல்லூரியில் சேரப் போகும்போதும் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போதும் அது பேசும். தமிழ்நாடு அரசு சுதந்திர தினத்தன்று 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது தருகிறது, அதற்கு விண்ணப்பிக்கவும் என்ன செய்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே விழாவுக்குத் தேதி குறிக்கும் முன்பே ஒரு பதிவேடு வாங்கிக் கொடுத்து, போன வருஷம் செய்த வேலைகளில் ஞாபகம் இருப்பதையெல்லாம் இப்போதே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். விவரம் தேவைப்பட்டால் ராமநாதபுரம் மாவட்ட விளையாட்டு, இளைஞர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், போகும்போது அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.