கடைசியாகப் பார்த்த நேரம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வயது 64. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரே மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். கணவர் இருந்தவரை வாட்ஸ்அப்பெல்லாம் அவர்தான் பார்ப்பார். "பையன் பேசுறான், வா" என்று அடுப்படியில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார். இப்போது அவருடைய போனை நான் வைத்திருக்கிறேன்.

மகனுடைய 'லாஸ்ட் சீன்', அதாவது அவன் கடைசியாக வாட்ஸ்அப் திறந்த நேரத்தை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று போன வாரம் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 71 வந்தது. விடிகாலை மூன்று மணி, மூன்றேகால் என்று காட்டினால், இவன் ஏன் தூங்கவில்லை, என்ன கஷ்டமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நான் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால், என்ன தப்பாக எழுதிவிட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு மேல் தூக்கம் இல்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டேன்; மறுநாள் முழுக்கத் தலைசுற்றல். சில ராத்திரி, அப்படியே கண் விழிக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது.

என் தங்கை, போனைத் தூக்கிப் போடு என்கிறாள். நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா? இந்த வயதில் இப்படி என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பி.கு.: மகனுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதலாமா என்று நினைக்கிறேன். சிரிப்பானோ?

பெயர் வேண்டாம்,
கோவில்பட்டி

*

அன்புள்ள டீச்சர்,

கடிதம் வந்த இரவே உங்களுக்குத் தனியாக எழுதினேன். மறுநாள் போனிலும் பேசினோம். அப்போது சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு அம்மாக்களும் அப்பாக்களும் படிக்கக்கூடும்.

முதலில் அந்த ஒரு வரி. கண் விழிக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்பது. நம் பக்கத்தில் வயதானவர்கள் இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "சாமி இன்னும் என்னைக் கூட்டிட்டுப் போகலையே" என்பது தினசரிப் பேச்சாகிவிட்டது. ஆனால் மூன்று மாதத் தூக்கமின்மை, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு இவற்றோடு சேர்ந்து அந்த எண்ணம் வரும்போது அதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடக் கூடாது. வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வெளிப்படுவதில்லை. தூக்கம் கெடுவதாக, சாப்பாடு பிடிக்காததாக, உடம்பு வலியாக வரும். அதனால்தான் நமக்கும் தெரிவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிவதில்லை.

ஆகவே டாக்டரைப் பார்க்க வேண்டும் டீச்சர். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பும் தூக்கக்கேடும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. உங்களுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பிவிடும் தூரம்தான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கடையில் கேட்டு வாங்கிய அந்த மாத்திரையை இனிமேல் தொடாதீர்கள். தூக்க மாத்திரை வயதானவர்களைத் தடுமாறி விழவைக்கும், ஞாபகத்தையும் குழப்பும். எது வேண்டும், வேண்டுமா என்பதையே டாக்டர்தான் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் அந்த எண்ணம் வந்தால் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதை எழுதி போன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டேன் என்று சொன்னீர்கள். எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, இப்போது உங்கள் கேள்வி. அடிமையாகிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. அப்படி உதவி தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேம் ஆடும் பையன்களையும் ரீல்ஸ் பார்க்கும் பெண்பிள்ளைகளையும்தான் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில், ராத்திரி இரண்டு மணிக்கு, லைட் போடாமல் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் ரீல்ஸ் பார்க்கவில்லை, எதையும் வாங்கவில்லை, யாரோடும் வம்பளக்கவில்லை. மகன் நன்றாக இருக்கிறானா என்ற ஒரே கேள்வியை 71 தடவை கேட்டிருக்கிறீர்கள். கேட்ட இடம்தான் சரியில்லை. திரையில் தெரியும் அந்த எழுத்துக்களாலும் டிக்குகளாலும் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

அவை என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். சாம்பல் நிறத்தில் ஒரு டிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுப் போய்விட்டது. இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போய்விட்டது. இரண்டும் நீலமானால் அந்த உரையாடல் அவர் போனில் திறக்கப்பட்டது. 2014 நவம்பரில்தான் இந்த நீலம் வந்தது. அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் இந்தக் கவலையே கிடையாது. 'ஆன்லைன்' என்றால் அந்த ஆப் அவர் போனில் திறந்திருக்கிறது, இணையம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆபீஸ் குரூப்பில் இருக்கலாம், வீட்டு ஓனருக்கு எழுதிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் அந்த விடிகாலை மூன்று மணி. போனில் பேசும்போது இதைச் சொன்னதும் நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லாஸ்ட் சீனில் காட்டும் நேரம், பார்க்கிறவருடைய ஊர் நேரம். அதாவது கோவில்பட்டி நேரம். குளிர்காலத்தில் டப்ளின் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். உங்கள் போனில் 3:10 என்றால் அங்கே இரவு 9:40. தம்பி சாப்பிட்டுவிட்டு, படுப்பதற்கு முன்னால் போனைப் பார்த்திருக்கிறார். இந்த மூன்று மாதமும் தூங்காமல் இருந்தது நீங்கள் மட்டும்தான், டீச்சர்.

கணக்கு டீச்சருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று உங்களையே திட்டிக்கொண்டீர்கள். வேண்டாம். திரையில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பயத்தில் இருக்கும் மனசு ஒரு எண்ணைப் பார்த்தால், பயத்துக்குத் தோதான அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1950களில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து நிறையச் சோதனைகள் செய்தார். கொத்தினால் தீனி வரும் பொத்தான். இத்தனை கொத்துக்கு ஒரு தடவை என்று கணக்காகத் தீனி வந்தால், புறா தின்றபின் கொஞ்சம் ஓய்வெடுக்கும். எப்போது வரும் என்றே தெரியாமல் வந்தால் ஓய்வே எடுக்காது, கொத்திக்கொண்டே இருக்கும். தம்பியின் பதிலும் அப்படித்தான் வருகிறது. ஒருநாள் ஐந்து நிமிடத்தில், ஒருநாள் இரண்டு நாள் கழித்து. எப்போது என்று தெரியாததுதான் உங்களைப் போனை விட்டு நகர விடவில்லை.

வாட்ஸ்அப்பின் பிறப்பே இதோடு சம்பந்தப்பட்டது. 2009இல் ஜான் கூம் அதைத் தொடங்கியபோது செய்தி அனுப்பும் யோசனையே அதில் இல்லை. ஒருவர் இப்போது வேலையில் இருக்கிறாரா, பேச முடியுமா, பேட்டரி தீரப்போகிறதா என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டுவதுதான் திட்டம். செய்தி வசதி அதே வருடத்தில் பின்னால் சேர்ந்தது. அவர் 16 வயதில் தாயோடு யுக்ரைனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். தந்தை ஊரிலேயே தங்கிவிட்டார். தூரத்தில் இருப்பவர் இந்த நிமிடம் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஏக்கம் அவரும் அறிந்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பத்தா நினைவுக்கு வருகிறாள். என் சித்தப்பா அப்போது குவைத்தில் கொத்தனார் வேலை பார்த்தார். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. கடிதம் நின்றுபோனது. எனக்குப் பன்னிரண்டு வயது. காலையில் பதினோரு மணிவாக்கில் தபால்காரர் சைக்கிளில் வருவார். பத்தரைக்கே அப்பத்தா திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விடுவாள். சாயங்காலம் ரேடியோச் செய்தி. குவைத் என்ற வார்த்தை வந்தால் எல்லோரையும் அதட்டி அமைதியாக்குவாள், செய்தி முடிந்ததும் ரேடியோவை அணைப்பாள். அப்புறம் மறுநாள் பதினோரு மணிவரைக்கும் கேட்க ஓர் இடமும் கிடையாது. இந்தியா அப்போது ஏறத்தாழ 1,70,000 பேரை, பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக, பம்பாய்க்கு விமானத்தில் அழைத்து வந்தது. அதில் சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். வந்த அன்று அவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத வாரங்கள் அவை; அவளுக்கு இருந்த வேதனை உங்களுக்கு வரவே வேண்டாம். ஒன்றை மட்டும் இவ்வளவு வருடம் கழித்து யோசிக்கிறேன். அவளுடைய காத்திருப்புக்கு ஒரு நேரம் இருந்தது, தபால்காரர் போனதும் அன்றைக்கு அது முடிந்துவிடும். உங்கள் காத்திருப்பு முடிவதே இல்லை. தபால்காரர் உங்கள் தலையணைக்குக் கீழேயே இருக்கிறார்.

அதனால் உங்கள் தங்கை சொல்வதை நான் ஏற்கவில்லை. போனைத் தூக்கிப் போட்டால் மகனின் குரலும் போய்விடும். பதினோரு மணியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு வேலை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் லாஸ்ட் சீன் என்ற இடத்தில் 'நோபடி' என்று வைத்துவிடுங்கள்; அதற்குக் கீழேயே ஆன்லைனும் இருக்கும், அதில் 'சேம் ஆஸ் லாஸ்ட் சீன்' என்பதைத் தொடுங்கள். உங்கள் நேரம் மற்றவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் நேரமும் உங்களுக்குத் தெரியாது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான். நீல டிக்கையும் அதே பக்கத்தில் நிறுத்தலாம். முதல் நாலைந்து நாள் கை தானாகப் போனை எடுக்கும், பார்த்தால் ஒன்றும் இருக்காது, கஷ்டமாக இருக்கும். தெரிந்தே செய்யுங்கள்.

இரண்டாவது, தம்பியிடம் பேசுங்கள். 'ஏன் பதில் போடுவதில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் வரவில்லை, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவரைக் கவலைப்படுத்தக் கூடாது என்று இவ்வளவு நாள் மறைத்துவிட்டீர்கள். வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில் போன் செய்யச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே மதியம் இரண்டரை. அவசரம் என்றால் இருவருமே நேராகப் போன் போட வேண்டும், மெசேஜ் கூடாது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பேசிவைத்துவிட்டால், மணி அடிக்காத நேரமெல்லாம் அவர் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிள்ளைகளிடமிருந்தும் கடிதங்கள் வருகின்றன. அம்மா அனுப்பியதை ஆபீஸ் மீட்டிங் நடுவில் பார்த்துவிட்டு, இதற்கு ஒற்றை வரியில் பதில் போடக் கூடாது, ராத்திரி நிதானமாக எழுத வேண்டும் என்று தள்ளிவைத்து, அசந்து தூங்கி, மறுநாள் குற்ற உணர்ச்சியில் அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறவர்கள் பலர். இங்கே விழும் நீல டிக்கில் அது எதுவும் தெரிவதில்லை.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் எழுதாமல் போனில் மட்டும் சொன்ன ஒன்று. அது உங்கள் கணவருடைய போன், அவருடைய எண். மகனோடு இருக்கும் அந்த உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போனால், இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்திகள் எல்லாம் உங்கள் கணவர் எழுதியவை. 'அம்மா உளுந்தங்களி கிண்டியிருக்கா', 'குடை எடுத்துட்டுப் போ', 'ரேஷன் கார்டு வேலை முடிஞ்சுது'. லாஸ்ட் சீன் பார்க்கத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் விரல் அங்கே போய்விடுகிறது என்றீர்கள். அந்த 71 கோட்டில் எத்தனை மகனுக்கு, எத்தனை அவருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கமின்மையைச் சொல்வதற்கு முன்பே சொல்லுங்கள். எந்தச் செய்தியையும் அழிக்க வேண்டாம். யாரையாவது விட்டு அந்த உரையாடலைப் பத்திரமாகப் பிரதி எடுத்து, முடிந்தால் தாளிலும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவரைப் படிக்க ராத்திரி இரண்டு மணிக்குப் போனைத் திறக்க வேண்டியிருக்காது. பகலில், கண்ணாடி போட்டுக்கொண்டு, மேஜையில் வைத்துப் படிக்கலாம்.

பின்குறிப்புக்குப் பதில்: எழுதுங்கள் டீச்சர். சிரிக்க மாட்டார். தபால் ஆபீஸில் அயர்லாந்துக்கு என்று சொன்னால் எடை பார்த்து ஸ்டாம்ப் கொடுப்பார்கள். எத்தனை நாளில் போகும் என்று எண்ண வேண்டாம். கிடைத்தது என்று அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் சொல்லட்டும்.