போஹோ மணவறையும் ஓமத் தீயும்: ஒக்டோபர் திருமணத்துக்கு எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி: ஒக்டோபர் 24ஆம் தேதி, ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் மகளின் திருமணம். பம்பஸ் என்ற உலர்ந்த பஞ்சுப் புல், மக்ரமே என்ற முடிச்சுக் கயிற்றுத் திரை என்று போஹோ பாணியில் (உலர்புல், கயிறு கொண்ட இயல்பான அலங்காரம்) மணவறை கேட்கிறாள். ஐயர் ஓமம் வளர்ப்பார். பம்பஸ் எத்தனை தண்டு வாங்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கைக்கு முன் நெருப்பைப் பேசிவிடுவோம். பம்பஸ், உலர்ந்த யூக்கலிப்டஸ், பருத்திக் கயிற்று மக்ரமே மூன்றுமே எளிதில் பற்றக்கூடியவை. நெய் விழுந்ததும் ஓமச் சுடர் சட்டென்று உயரும். ஒரு பொறி பம்பஸ் பஞ்சில் ஒட்டினால் அணைக்கப் போவதற்குள் கொத்து முழுவதும் எரிந்துவிடும். ஓமகுண்டத்துக்கு மேலே எதுவும் தொங்க வேண்டாம். பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் விடுங்கள். குத்துவிளக்கருகே பச்சை இலையும் புதுப் பூவும் மட்டும் போதும்.

மக்கள் கூடும் கட்டடங்களில் தொங்கும் திரைகளும் அலங்காரத் துணிகளும் கேன்/யுஎல்சி எஸ்109 (CAN/ULC-S109) என்ற தீச்சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ தீவிதி. வாடகைக்குத் தருபவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கும் மக்ரமேக்குப் பெரும்பாலும் அது இருக்காது. மரக் கொட்டகைக்குள் திறந்த தீயை அனுமதிக்காத உரிமையாளர்கள் பலர். ஓமத்துக்கான அனுமதியை இடத்துக்கு முற்பணம் கட்டும் முன்னரே எழுத்தில் பெறுங்கள். மறுத்தால் ஓமத்தை வெளியே வைத்து, தாலி கட்டுவதையும் அங்கேயே நடத்தும்படி மணவறையைத் திட்டமிடலாம்.

இனி எண்ணிக்கை. 8 அடி உயர மணவறை வளைவின் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்ப 30 தண்டு போதும்: 4 அடியில் பத்து, மீதி 2 முதல் 3 அடி. இரு பக்கமும் சமமாக நிரப்புவது செலவை இரட்டிப்பாக்கும், போஹோவின் இயல்பான சாய்வும் போய்விடும். பெட்டியில் நசுங்கி வரும் தண்டுகளை வெளியே உதறி, சில மணி நேரம் வெயிலில் வைத்தால் பூ விரியும். பிறகு திறந்த வெளியில் ஹேர் ஸ்பிரே அடித்து, ஒருநாள் உலரவிடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பில் வெளிர்ப் பஞ்சு படிந்து, படங்கள் எல்லாவற்றிலும் தெரியும். ஈரமான ஸ்பிரேயே தீப்பற்றும் என்பதால் கல்யாணக் காலையில் அடிக்க வேண்டாம்.

வளைவை வாடகைக்கு எடுங்கள். வெளியில் நிறுத்தினால் மக்ரமே கப்பற்பாய் போலக் காற்றைப் பிடிக்கும். ஒவ்வொரு காலுக்கும் 15 கிலோ மணல்மூட்டை கேளுங்கள். பம்பஸை மட்டும் வாங்கலாம். கோடைத் திருமணங்கள் முடிந்ததும் பழையது நிறைய விற்பனைக்கு வரும், நிகழ்வுக்குப் பின் நீங்களும் விற்கலாம்.

கேள்வி: டாலியா பூக்களைத் தோட்டக்காரரிடம் நேரே வாங்கினால் மலிவு என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: புரட்டாசி கழியட்டும் என்று ஒக்டோபர் பின்பாதியில் நாள் வைக்கும் நம்மவர்களுக்கு இது ஆபத்து. டாலியா முதல் உறைபனியோடு முடிந்துவிடும். நகருக்கு வெளியே அது உங்கள் தேதிக்கு முன்பே வரலாம். வெட்டிய பின் மொட்டு விரியாது, விரிந்த பூ சில நாட்களே நிற்கும். செவ்வந்தியை அடிப்படையாக வைத்து, டாலியா கிடைத்தால் சேர்க்கலாம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாலை வரவேற்பு வெளியே. விளக்கும் ஹீட்டரும் எவ்வளவு?

பதில்: அன்று சூரியன் ஏறக்குறைய 6.20க்கு மறையும். எனவே படப்பிடிப்பை 5 மணிக்கே தொடங்குங்கள். 48 அடி விளக்குச் சரத்தில் 15 குமிழ். பழைய 11 வாட் குமிழென்றால் ஒரு சரம் 165 வாட் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து 1,440 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, அதாவது எட்டே சரம். டிஜேயின் ஒலிபெருக்கியும் அதே இணைப்பில் மாட்டினால் முதல் பாட்டிலேயே பிரேக்கர் விழும். எல்ஈடி சரம் கேட்டால் இந்தச் சிக்கலே இல்லை. 40,000 பிடியு (வெப்ப அளவு) புரொப்பேன் ஹீட்டருக்கு 20 பவுண்ட் சிலிண்டர் ஏறக்குறைய 10 மணி நேரம் வரும். நான்கு பக்கமும் மூடிய கூடாரத்துக்குள் அதை ஒருபோதும் எரிக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட் சேரும்.

கேள்வி: திருமணக் கண்காட்சியில் அலங்காரத்துக்கு முற்பணம் கொடுத்துக் கையெழுத்திட்டோம். 10 நாளுக்குள் ரத்து செய்யலாம்தானே?

பதில்: முடியாது. ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் 10 நாள் அவகாசம், வீடு போல விற்பவரின் கடைக்கு வெளியே நேரில் செய்யும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு. கண்காட்சிகளையும் சந்தைகளையும் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு வேறு பிடி உண்டு. ஒப்பந்தத்தில் மதிப்பீடு குறிப்பிட்டிருந்தால், நீங்கள் புதிதாக எதையும் சேர்க்காதவரை அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. எனவே “போஹோ பேக்கேஜ்” என்ற ஒற்றை வரியோடு நிற்காமல், தண்டுகளின் எண்ணிக்கை, திரையின் அளவு, கழற்றும் நேரம், போக்குவரத்து, 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி அனைத்தையும் எழுத வையுங்கள். மீதிப் பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள்.