ராக்கெட் போன பிறகு மேலே என்ன மிச்சம்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் ஒவ்வொரு முறையும் கேள்விகள் குவிகின்றன. செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்கிடும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். தொழிலுக்குப் போகாவிட்டால் எங்களுக்கு அன்று வருமானமே இல்லை. இந்தக் கட்டுப்பாடு அவசியம்தானா? (பழவேற்காடு வாசகி)

அவசியம்தான் அம்மா. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நான்கு கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள் பக்கவாட்டு மோட்டார்களும் அடியில் உள்ள முதல் கட்டமும் எரிந்து முடிந்து கழன்றுகொள்கின்றன. விழுவது வங்கக் கடலில். ராக்கெட் பாதை மாறினால் நடுவானிலேயே வெடிக்கவைத்துவிடுவார்கள். அந்தச் சிதறலுக்கும் கடல்தான் இடம். அதனால் படகு கரையில் நிற்பதே நல்லது.

ஆனால் அன்று வருமானமே இல்லை என்ற உங்கள் குறையில் முழு நியாயம் இருக்கிறது. ஏவுவதற்கான செலவுக் கணக்கிலேயே மீனவரின் ஒரு நாள் வருமானத்தையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வலையில் ராக்கெட் பாகம் சிக்கினால் எடைக்குப் போடலாமா? (புதுச்சேரி வாசகர்)

கூடாது. உங்கள் ஊர் வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் 2019 கடைசியில் பி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு மோட்டார் ஒன்றையே கரைக்கு இழுத்து வந்தார்கள். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் கொட்டலசு என்னும் ஓட்டுடைய கடலுயிர்கள் படிந்த பெரிய உருளை ஒதுங்கியது. அதுவும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாவது கட்டம்தான். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, எங்கே விழுந்தாலும் பொருள் ஏவியவருக்கே சொந்தம். காயலான் கடைக்காரர் அதை வாங்கக்கூடாது.

முக்கியமாக, உருண்டையான தொட்டி கிடைத்தால் கிட்டவே போகாதீர்கள். இரண்டாம், நான்காம் கட்டங்களின் திரவ எரிபொருள் கடும் நஞ்சு. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கடலோரக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தலையில் விழுமா? (மதுரை வாசகர்)

வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று வயலில் விழுந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவில், விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிட்ட பொருளின் துண்டு ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. எடை முக்கால் கிலோகூட இல்லை.

நாமும் மேலே குப்பை போடுகிறோமா? நம்மைக் குறை சொல்வது பொறாமையா? (திருச்சி வாசகர்)

போட்டிருக்கிறோம். 2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி3 மூன்று செயற்கைக்கோள்களைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாடே மகிழ்ந்தது. இரண்டு மாதம் கழித்து, மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்த அதன் நான்காவது கட்டம் வெடித்து, முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் ஆவி நிற்கும் அல்லவா? அதுபோல வேலை முடிந்த தொட்டியிலும் எரிபொருள் மிச்சம் இருக்கும். அடுத்து வந்த சி4 முதல் அந்த மிச்சத்தை வெளியேற்றிவிடும் ஏற்பாடு வந்தது.

2019 மார்ச் 27 அன்று நம் செயற்கைக்கோளை நாமே ஏவுகணையால் உடைத்தோம். உயரம் சுமார் 300 கி.மீ. என்பதால் சில வருடங்களில் துண்டுகள் கீழிறங்கி எரிந்துபோயின. 2007-ல் சீனா இதையே சுமார் 865 கி.மீ. உயரத்தில் செய்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் உண்டாயின, பெரும்பகுதி இன்னும் சுற்றுகிறது. அந்த உயரத்தில் இழுத்துப் பிடிக்கக் காற்று இல்லை. எந்த நாடும் இனி இப்படி ஒரு சோதனை செய்யக்கூடாது, நாமும்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை 2023 மார்ச் 7 அன்று, மிஞ்சிய எரிபொருளைக் கொண்டே இறக்கி, பசிபிக் கடல்மீது எரியவிட்டது இஸ்ரோ. 2024 ஜனவரி 1 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தை 350 கி.மீ.க்குக் கீழிறக்கினார்கள். மார்ச் 21-ல் அது விழுந்து முடிந்தது. ராக்கெட் ஏவும் நாளில் கிடைக்கும் கைதட்டல் இதற்கும் கிடைக்க வேண்டும்.

6:30 என்று சொல்லிவிட்டு 6:31-க்கு ஏவினார்களே, கோளாறா? (கோவை வாசகி)

2023 ஜூலை 30-ஐச் சொல்கிறீர்கள். கோளாறில்லை, வழியில் குப்பை குறுக்கிடும் என்று கணக்குக் காட்டியது. மேலே பொருள்கள் நொடிக்கு ஏழரை கி.மீ. போகின்றன, ஒரு நிமிடத்தில் 450 கி.மீ. அதே மாதம் சந்திரயான்-3 கிளம்ப 4 நொடி காத்திருந்தது. அந்த 4 நொடிக்குள் குப்பை 30 கி.மீ. தாண்டிவிடும்.

ராக்கெட் விட்டால் மழை போய்விடுமா? (செங்குன்றம் வாசகர்)

போகாது. புகை சற்று நேரத்தில் கலைந்துவிடும். பருவமழை பல நூறு கி.மீ. பரப்பில் நடக்கும் காரியம்.

வெளிச்சம் முதலில், சத்தம் எவ்வளவோ பின்னால். ஏன்? (பொன்னேரி பள்ளி மாணவி)

ஒருமுறை பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். கரையெல்லாம் ஆட்கள். தீ எழுந்தது, எல்லோரும் கத்தினார்கள், ராக்கெட் மட்டும் ஊமையாக ஏறியது. பக்கத்தில் ஒரு பையன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். நூறு தாண்டியதும் உறுமல் வந்தது, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. தண்ணீரில் நின்ற பறவைகள் அப்போதுதான் எழுந்தன.

ஒலி ஒரு கி.மீ. வர ஏறக்குறைய 3 நொடி எடுக்கிறது. அடுத்த முறை மொட்டை மாடியிலிருந்து, தீ தெரிந்தது முதல் சத்தம் வரும்வரை எத்தனை நொடி என்று நீயும் எண்ணு. அதை மூன்றால் வகு. ஏவுதளம் உன் வீட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.