கோமாரி ஊசி போட்டால் பால் குறைகிறதே, விட்டுவிடலாமா?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் மூன்று கலப்பினப் பசுக்களும் ஓர் எருமையும் வைத்திருக்கிறேன். போன முறை கோமாரி ஊசி போட்டதும், மாட்டுக்கு இரண்டு லிட்டர் வீதம் மூன்று நாள் பால் குறைந்தது. இந்த முறை ஊசியே வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். எருமைக்குக் கோமாரி வராது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கோமாரி என்பது மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் வைரஸ் நோய். அதற்கான ஊசி போட்டதும் சில மாடுகளுக்கு லேசான காய்ச்சல் வரும், தீனி எடுப்பது குறையும், பாலும் குறையும். நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சொசைட்டியில் லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஊசிக்கு 6 லிட்டர் போனால் 210 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒன்று என வருடத்துக்கு 420 ரூபாய். 2019 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் ஊசி இலவசம்.

இப்போது நோய் வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கோமாரி வந்த கொட்டகைக்குள் நுழையும் முன்பே, மாடு வாயைச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்கும். எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்கும். நாக்கில் தோல் உரிந்திருக்கும். தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். 12 லிட்டர் கறந்த மாடு 2 லிட்டருக்கு இறங்கி இரண்டு வாரம் கிடந்தால் 140 லிட்டர், அதாவது 4,900 ரூபாய் நஷ்டம். பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

பெரிய நஷ்டம் புண் ஆறிய பிறகுதான். காம்பில் கொப்புளம் வந்து கறக்க முடியாமல் பால் தேங்கினால் மடிநோய் பிடிக்கும். பழைய கறவை பல மாடுகளுக்குத் திரும்புவதே இல்லை. மீதமுள்ள 200 நாளும் 3 லிட்டர் குறைந்தால் 21,000 ரூபாய். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். 21 நாள் பருவம் மூன்று தப்பினால் 63 நாள் வெறும் தீனி. நாளைக்கு 150 ரூபாய் என்றாலும் 9,450. ஆக மொத்தம் 35,350 ரூபாய், அதுவும் ஒரே மாட்டுக்கு. ஊசியால் 84 வருடத்தில் குறையும் பாலின் மதிப்பு இது. வைத்தியச் செலவை நான் சேர்க்கவே இல்லை. சில மாடுகள் குணமான பிறகும் வெயில் தாங்காமல் மாதக்கணக்கில் மூச்சிரைக்கும்.

கன்றுகளின் நிலைமை இன்னும் கொடுமை. பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும். பால்குடிக் கன்றுக்கு வைரஸ் நேராக இதயத் தசையைத் தாக்கும். வாயில் ஒரு புண்கூட இல்லாமல், துள்ளிக்கொண்டிருந்த கன்று பொத்தென்று விழுந்து செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் புலிவரி போல வெளுத்த கோடுகள் தெரியும். அதனால், தாய்க்கு நோய் கண்டதும் கன்றைப் பிரித்துவிடுங்கள். அந்தப் பாலைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கன்றுக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, பால் குறைவதை எப்படிச் சமாளிப்பது? ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஊசி போடச் சொல்லுங்கள், அன்றைக்கு மாட்டை அலைக்கழிக்காதீர்கள். காய்ச்சல், வேறு நோய் உள்ள மாட்டுக்கும் சினை முற்றிய மாட்டுக்கும் அப்போது வேண்டாம். ஆனால் அப்புறம் மறக்காமல் போட வேண்டும். கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் நோய் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள்.

எருமைக்குக் கோமாரி நிச்சயம் வரும். பசுவைவிட அறிகுறி லேசாக இருப்பதால் கண்ணில் படாது, அவ்வளவுதான். இரண்டு நாள் தீனி குறைத்து லேசாக நொண்டும். சாதாரணக் கால்வலி என்று நினைத்து அதே தொட்டியில் தண்ணீர் காட்டுவோம், அதைக் கறந்த கையோடு பசுவுக்குப் போவோம். நான்கு மாடுகளுக்கும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.