டிராப் டேபிள் பலகை சரியாக விழாததற்கு

அம்மாபேட்டையில் கைரோபிராக்டிக் (கையால் அழுத்தி முதுகெலும்பைச் சரிசெய்யும் சிகிச்சை) கிளினிக் வைத்திருக்கும் நண்பருக்கு: டிராப் டேபிளில், அதாவது கை அழுத்தும்போது பலகை சற்றே கீழே விழும் சிகிச்சை மேசையில், ஒல்லியான தறிக்காரர் படுத்தால் இடுப்புப் பலகை விழமாட்டேன் என்கிறது, பருமனானவர் படுத்ததும் தானாக விழுகிறது என்கிறீர்கள். டேபிளில் பழுது இருக்காது. எல்லாருக்கும் ஒரே டென்ஷன் (பலகையைத் தாங்கும் இறுக்கம்) வைத்திருப்பீர்கள்.

ஆள் படுத்த பிறகு பலகையைத் தூக்கி மாட்டி, டென்ஷன் குமிழைத் திருகிப் பாருங்கள். அவர் ஆழமாக மூச்சு விட்டாலும் பலகை தாங்க வேண்டும், உங்கள் கை சட்டென்று லேசாக அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லையே என்று பலத்தைக் கூட்டாதீர்கள், அது முதுகில்தான் இறங்கும். அப்புறம், பலகை விழும்போது வரும் ‘டக்’ சத்தத்தை வெறும் டேபிளில் முதலில் கேட்கவிடுங்கள். இல்லையென்றால் ஏற்காட்டு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடிப்பது மாதிரி உடம்பை இறுக்கிக்கொள்வார்கள்.

எலும்புப்புரை (எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் நிலை) உள்ள பாட்டிகளுக்கு இது வேண்டாம். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.