ஐபோனா, சாம்சங்கா, ரெட்மியா? மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய். 2019-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. தீபாவளி போனஸ் 22,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது, ஆர்.டி.-யில் தனியாக 40,000. “ஐபோன் 15 வாங்கு, ஏழு வருஷம் உழைக்கும், நோ காஸ்ட் இ.எம்.ஐ.-யில் மாசம் 5,000தான்” என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கடையில் 25,000 ரூபாய்க்கு சாம்சங் ஏ26 காட்டினார்கள். 15,000-க்கு ஒரு ரெட்மியோ ரியல்மியோ போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் வேறு, 20,000-க்குப் பழைய ஐபோன் 12 ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறான். எந்தக் கம்பெனி போன் தரமானது? எது நாள்பட வரும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: கம்பெனியை விடுங்கள், மாடலைப் பாருங்கள். ஒரே கம்பெனி 10,000 ரூபாய்க்கும் போன் விற்கிறது, ஒரு லட்சத்துக்கும் விற்கிறது. பெட்டியில் ஒரே பெயர் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே ஆயுள் வந்துவிடாது.

உங்கள் பழைய போனில் செட்டிங்ஸ் போய், ‘அபௌட் போன்’ பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதி என்னவென்று பாருங்கள். 2022-ல் ஒரு மாதம் போட்டிருந்தால், அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகள் பெரும்பாலும் உங்கள் போனில் அடைபடவில்லை என்று அர்த்தம். சம்பளக் கணக்கும் யு.பி.ஐ.-யும் அதே போனில்தானே இருக்கின்றன? பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். போனின் உண்மையான ஆயுள் இந்த அப்டேட் நிற்கும் நாள் வரைதான். அதற்குப் பிறகும் போன் ஓடும், ஆனால் பணம் புழங்குகிற போனாக அதை வைத்திருக்கக் கூடாது.

ஏழு வருடம் என்பது எங்கிருந்து வந்தது? கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் அறிவித்தன. ஆப்பிள் அப்படி அறிவித்து விற்பதில்லை, ஆனால் அதன் பழைய கணக்கு நன்றாகவே இருக்கிறது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்.எஸ்.-க்கு 2024-ல் வந்த ஐ.ஓ.எஸ். 18 (ஐ.ஓ.எஸ். என்பது ஐபோனை இயக்கும் மென்பொருள்) வரை கிடைத்தது. 2025-ல் வந்த ஐ.ஓ.எஸ். 26 அதற்கு இல்லை. சுமாராக ஏழு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்சங் ஏ26-க்கு ஆறு வருட வாக்குறுதி இருக்கிறது. 15,000 ரூபாய் ரகத்தில் இது மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் மூன்று, நான்கு வருட செக்யூரிட்டி அப்டேட்தான்.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வருடங்களெல்லாம் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகின்றன. நீங்கள் பில் போடும் நாளிலிருந்து அல்ல. ஐபோன் 15 வந்தது 2023 செப்டம்பரில். ஏழு வருடம் என்றால் 2030. ஏ26 வந்தது 2025 மார்ச்சில். ஆறு வருடம் என்றால் 2031. ஆக, ஏழு வருடம் உழைக்கும் என்று சொல்லித் தரப்படும் 60,000 ரூபாய் போனுக்கு முன்பே, 25,000 ரூபாய் போனுக்கு அப்டேட் நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. தள்ளுபடியில் கிடைக்கிற போன வருட மாடல்களிலும் இதே சிக்கல்தான். விலையில் 3,000 குறையும், ஆயுளில் ஒரு வருடம் போய்விடும்.

இப்போது கணக்கு. ஐபோன் 15: 60,000 ரூபாய், நடுவில் ஒரு பேட்டரிக்கு 8,000, ஐந்து வருடம் கழித்து விற்றால் 12,000 திரும்பக் கிடைக்கும் என்று தாராளமாகவே வைப்போம். நிகரச் செலவு 56,000. 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 930 ரூபாய். ஏ26: 25,000, பேட்டரிக்கு 3,000, விற்றால் ஒன்றும் கிடைக்காது என்றே வைத்தாலும் மாதம் சுமார் 470. 15,000 ரூபாய் போன் மூன்று வருடம் வந்தால் மாதம் சுமார் 420. பேட்டரி, மறுவிற்பனைத் தொகைகள் என் உத்தேசம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், வரிசை மாறாது. ஐபோன் விலை நிற்கும் என்பது உண்மைதான். நின்றும் இந்த இடைவெளியை எட்டவில்லையே!

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யும் சும்மா வருவதில்லை. கிரெடிட் கார்டில் போட்டால் வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டியளவுக்கு விலையில் முன்கூட்டியே கழிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். 16 சதவீத வட்டியில் 12 மாதம் என்றால் அது மட்டும் சுமார் 880 ரூபாய், பிராசஸிங் கட்டணம் தனி. ஒரு தவணை தவறினால் அபராதம் அதற்கு மேல். அதைவிட முக்கியம், 24,000 சம்பளத்தில் ஒரு வருடம் முழுக்க ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு போனுக்குப் போகிறது. ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் குறையும் என்பது திருப்பூரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தரம் என்று கேட்டீர்கள். கேமரா, வேகம் எல்லாம் இந்த விலைகளில் உங்கள் வேலைக்குத் தாராளம். துணியின் கலர் ஷேடை மட்டும் எந்தப் போனின் போட்டோவையும் நம்பி பையருக்கு உறுதி சொல்லாதீர்கள். நான் பார்ப்பது டிஸ்ப்ளேயை, அதாவது திரையை, மாற்ற ஆகும் விலையை. போனைக் கொல்வது பெரும்பாலும் டிஸ்ப்ளேதான்: கீழே விழுந்து உடைகிறது, அல்லது அமோலெட் திரையில் திடீரென்று பச்சைக் கோடு விழுகிறது. இந்தப் பச்சைக் கோட்டுக்காக ஒன்பிளஸ் நிறுவனமே இந்தியாவில் ஆயுள்கால ஸ்கிரீன் வாரன்டி அறிவிக்க வேண்டி வந்தது. வாங்கும் முன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, அந்த மாடலுக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள். போன் விலையில் பாதியை டிஸ்ப்ளேக்குச் சொன்னால் அந்த மாடலை விட்டுவிடலாம். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே இருக்கிறது: 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும், மாடல் விற்பனை நின்று ஏழு வருடம் வரை உதிரிபாகம் கிடைக்க வேண்டும். நம்மூரில் அந்தக் கட்டாயம் இல்லாததால் நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் யோசனை: போனஸ் 22,000-உடன் சம்பளத்திலிருந்து 3,000 சேர்த்து ஏ26 அல்லது அதே அளவு அப்டேட் வாக்குறுதி உள்ள வேறு மாடலை ரொக்கமாக வாங்குங்கள். ஆர்.டி.-யைத் தொட வேண்டாம். அந்த 3,000-ம் இப்போது கஷ்டம் என்றால் 15,000 ரூபாய் போனே போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு 50 ரூபாய்தான் வித்தியாசம். மூன்று வருடத்தில் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவே.

அண்ணன் சொல்லும் ஐபோன் 12, 2020-ல் வந்தது. மேலே சொன்ன கணக்குப்படி அதற்கு 2027 வரைதான் ஆயுள், 20,000 அதிகம். அப்படியும் பழைய போன்தான் என்று முடிவானால், *#06# அழுத்தினால் வரும், போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டு, கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போனாகப் பிளாக் செய்யப்பட்டிருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.