மொராக்கோவில் பத்து இரவுகள்: ஒரு வாசகிக்குப் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் கணவரும் என் அம்மாவும் (வயது 66) மொராக்கோ செல்கிறோம். விசா வந்துவிட்டது. விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. பிற்பகலில் காசாபிளாங்காவில் இறங்குகிறோம், திரும்புவதும் அங்கிருந்தே, பிற்பகல் விமானத்தில். நடுவில் பத்து இரவுகள். காசாபிளாங்கா, ரபாத், தாஞ்சியர், ஷெஃப்ஷாவன், ஃபெஸ், மெர்சூகா பாலைவனம், மராகேஷ், எஸ்ஸவீரா, அகாதிர் என்று ஒன்பது இடங்களைக் குறித்திருக்கிறோம். மதுரைக்காரி என்பதால் பழங்காலப் பயணி இப்னு பதூதாவின் ஊரான தாஞ்சியரை விடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். சுற்றுலா நிறுவனம் இல்லாமல் நாங்களே ஏற்பாடு செய்து போய்வர முடியுமா? எதை வைப்பது, எதை விடுவது?

வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்களே ஏற்பாடு செய்து தாராளமாகப் போய்வரலாம். ஆனால் ஒன்பது ஊர்கள் முடியாது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இந்த ஊர்களுக்கு நடுவே அட்லஸ் மலைத்தொடர்கள் குறுக்கே கிடக்கின்றன. அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும், பயண நேரம் போக, மூட்டை கட்டுவதற்கும் பழைய நகரத்துச் சந்துகளில் அதை இழுத்துக்கொண்டு போய் அடுத்த விடுதியைக் கண்டுபிடிப்பதற்கும் அரை நாள் போய்விடும்.

ரயில் எங்கே போகிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தாஞ்சியர், ரபாத், காசாபிளாங்கா, மராகேஷ் நான்கும் ஒரே தடத்தில் வருகின்றன. ரபாத்துக்கு வடக்கே கெனித்ராவில் பிரிந்து மெக்னெஸ், ஃபெஸ் என்று இன்னொரு தடம் போகிறது. தெற்கே மராகேஷோடு தண்டவாளம் முடிந்துவிடும். ஷெஃப்ஷாவன், மெர்சூகா, எஸ்ஸவீரா, அகாதிர் எல்லாம் சாலை வழிதான்.

இந்தப் பயணத்தில் அகாதிரை விட்டுவிடுங்கள். 1960ல் வந்த நிலநடுக்கத்தில் பழைய ஊர் அழிந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்ட கடற்கரை நகரம் அது. பழைய நகரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே வேலை குறைவு. எஸ்ஸவீரா அருமையான ஊர்தான், ஆனால் மராகேஷிலிருந்து போக மூன்று மணி, வர மூன்று மணி. இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால்தான் அதற்கு நியாயம். ஷெஃப்ஷாவனுக்கு ஃபெஸ்ஸிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரம். ஒரே நாளில் போய்வந்தால் எட்டு மணி நேரம் இருக்கையில்தான் கழியும். மேலும் அது மலைச்சரிவில் படிக்கட்டுகளாக ஏறும் ஊர், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

தாஞ்சியரை விட வேண்டாம், ஆனால் அங்கே தங்கவும் வேண்டாம். முதல் இரண்டு இரவுகளை ரபாத்தில் வையுங்கள். காசாபிளாங்கா விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அதில் ஏறி காசா வோயாஜர் நிலையத்தில் இறங்கி, ரபாத் வண்டிக்கு மாறுங்கள். காசா போர் என்ற பெயரிலும் ஒரு நிலையம் உண்டு. அது துறைமுகப் பக்கம், அங்கே இறங்கிவிடாதீர்கள். ரபாத்திலும் இரண்டு நிலையங்கள். பழைய நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரபாத் வில், அதிவேக ரயில் நிற்பது ரபாத் அக்தால். 2018ல் தொடங்கிய அல் புராக் என்ற அந்த அதிவேக ரயில் அக்தாலிலிருந்து சுமார் ஒன்றே கால் மணி நேரத்தில் தாஞ்சியர் போய்விடும். இரண்டாம் நாள் காலை போய் மாலை திரும்பிவிடலாம்.

உங்கள் பிடிவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்னு பதூதா 1304ல் தாஞ்சியரில் பிறந்தவர். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அஹ்சன் கானின் மகளை தில்லியில் மணந்தவர். 1340களில் மதுரைக்கே வந்து அங்கே பரவியிருந்த கொள்ளைநோயைப் பதிவு செய்தவர். தாஞ்சியரில் அவருடையது என்று மரபாகச் சொல்லப்படும் சிறிய சமாதி ஒன்று பழைய நகரத்துச் சந்தில் இருக்கிறது. பல சமயம் பூட்டியிருக்கும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கஸ்பா என்ற கோட்டைப் பக்கம் புர்ஜ் அன்னஆம் என்ற கொத்தளத்தில் அவருக்கென்று ஒரு காட்சிக்கூடம் உண்டு. ஆனால் உங்கள் ஆர்வத்துக்குச் சரியான இடம் ஃபெஸ் என்றே சொல்வேன். மரீனித் வம்சத்துச் சுல்தான் அபு இனான் கேட்டுக்கொண்டபடி அவர் தன் பயணங்களைச் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸய்ய் என்ற அறிஞர் எழுதிய நூல் அங்கேதான் உருவானது, 1355ல் முடிந்தது. அதே சுல்தான் அதே ஆண்டுகளில் கட்டியதுதான் பூ இனானியா மதரஸா. மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாத அந்த நகரத்தில், சீட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் உள்ளே போகலாம். மதுரையைப் பற்றிய அந்தப் பக்கங்கள் எழுதப்பட்ட காலத்துச் செதுக்கு வேலையை அங்கே நின்று பார்க்கலாம்.

மூன்றாம் நாள் காலை ரபாத்தில் ஹசன் கோபுரம், ஐந்தாம் முகம்மது சமாதி, உதாயா கோட்டை மூன்றையும் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் ஃபெஸ் ரயிலைப் பிடியுங்கள், சுமார் மூன்று மணி நேரம். சாதாரண ரயில்களில் முதல் வகுப்பே எடுங்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான், பெட்டிகள் வைக்க இடம் தாராளம்.

ஃபெஸ்ஸில் மூன்று இரவுகள். ஃபெஸ் அல் பாலி என்ற பழைய நகரத்துக்குள் கார் போகாது. சாமான் தூக்குவது கோவேறு கழுதையும் தள்ளுவண்டியும்தான். பின்னாலிருந்து "பாலக்!" என்று கத்தினால் சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். நீல வாசலான பாப் பூ ஜெலூதிலிருந்து கரவிய்யீன் பள்ளிவாசல் வரை தெரு இறக்கமாகவே போகும். போகும்போது சுகம், திரும்பி ஏறும்போதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். ஆகவே இறங்கியே போய், கீழே ர்ஸீஃப் சதுக்கத்தில் டாக்சி பிடித்து மேலே வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், அன்று நகரம் சுற்ற வேண்டாம். வொலூபிலிஸ் ரோமானிய இடிபாடுகளையும் மெக்னெஸையும் பார்க்க அந்த நாளைப் பயன்படுத்துங்கள். ஊருக்கு ஊர் ஓடும் பகிர்வு வண்டியான கிராண்ட் டாக்சி ஒன்றை முழுதாகப் பேசிக்கொண்டு போகலாம். அதில் ஆறு பயணிகள் கணக்கு, முழு வண்டி என்றால் ஆறு இருக்கைக் காசு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே உங்கள் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். அப்போது பார்த்து யாராவது "இந்த வழி மூடியிருக்கிறது, தோல் பதனிடும் இடம் இந்தப் பக்கம்" என்று கூட வருவார்கள். பெரும்பாலும் வழி மூடியிருக்காது. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நிற்காமல் நடங்கள். வழி கேட்க வேண்டுமானால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். முதல் நாள் அரை நாளுக்கு, அடையாள அட்டை அணிந்த உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை விடுதி மூலம் வைத்துக்கொள்வது நல்லது. கடைகளுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பாலைவனம். அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். மராகேஷில் "பாலைவனப் பயணம்" என்று விற்கப்படுவதில் மூன்று வகை உண்டு. அகாஃபை மராகேஷுக்கு மிக அருகில் இருக்கும் கல் பாலை, அங்கே மணல்மேடே கிடையாது. இரண்டு நாள் பயணம் என்றால் பெரும்பாலும் ஸாகோரா, அங்கே இருப்பவை சிறிய மேடுகள். படங்களில் நீங்கள் பார்த்த உயர்ந்த செம்மணல் குன்றுகள் மெர்சூகாவை ஒட்டிய எர்க் ஷெப்பியில் இருக்கின்றன. மராகேஷிலிருந்து அங்கே போய்த் திரும்ப மூன்று நாள் வேண்டும், அதிலும் வந்த வழியே திரும்புவதில் ஒரு முழு நாள் வீண். ஃபெஸ்ஸிலிருந்து புறப்பட்டு மெர்சூகா வழியாக மராகேஷில் முடித்தால் போன வழி பெரும்பாலும் இரண்டாம் முறை வராது. இந்த வழிக்கு ஓட்டுநரோடு தனி வண்டி எடுங்கள். மூன்று பேர் பகிர்ந்துகொள்வதால் கட்டுபடியாகும். நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியும்.

ஃபெஸ்ஸிலிருந்து மெர்சூகா சுமார் 470 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு ஒன்பது மணி நேரம். காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள். இஃப்ரான், குரங்குகள் திரியும் அஸ்ரூ தேவதாருக் காடு, மிதெல்த்தில் சாப்பாடு, பிறகு ஸிஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகள். அக்டோபரில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். ஐந்து மணிக்காவது போய்ச்சேராவிட்டால் மணல்மேட்டில் அந்தி கிடைக்காது. அம்மா ஒட்டகத்தில் ஏற வேண்டியதில்லை. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்துவதால் ஏறியவர் முன்னால் வீசப்படுவார். இடுப்பும் முழங்காலும் சேர்ந்து அடி வாங்கும். இரவு தங்கும் கூடாரத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போவார்கள், முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். இரவு குளிரும், ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த நாள் திங்கிர் அருகே தொத்ரா பள்ளத்தாக்கு. இருபுறமும் சுமார் 300 மீட்டர் பாறைச் சுவர், நடுவே சமதளச் சாலை, அம்மாவும் வசதியாக நடக்கலாம். இரவு தாதெஸ் பள்ளத்தாக்கில் தங்குங்கள். இந்த வண்டிப் பயணத்தின் மூன்றாம் நாள் வர்ஸாஸாத், அய்த் பென் ஹத்தூ, அதன்பின் 2,260 மீட்டர் உயரத்தில் திஸி ந் திஷ்கா கணவாய். அய்த் பென் ஹத்தூவின் மண்கோட்டை முழுக்கப் படி. ஆற்றின் எதிர்க்கரையில் மாடி உணவகங்கள் இருக்கின்றன, அங்கிருந்து அம்மா முழு ஊரையும் பார்க்கலாம். கணவாயில் வளைவுகள் அதிகம். குமட்டல் வருகிறவர் முன்னிருக்கையில் உட்காரட்டும், மாத்திரையை அரைமணி முன்பே போட்டுக்கொள்ளட்டும். இருட்டுவதற்கு முன் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன், கூடாரத்தின் பெயர், கழிப்பறை தனியா பொதுவா, இரவுச் சாப்பாடு சேர்த்தியா, எரிபொருளும் ஓட்டுநரின் தங்கலும் யார் செலவு, மராகேஷ் பழைய நகரத்தின் எந்த வாசலில் இறக்கிவிடுவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மதியச் சாப்பாடு பொதுவாகச் சேராது. வழியில் கம்பளக் கடைக்கும் ஆர்கன் எண்ணெய்க் கடைக்கும் நிறுத்துவார்கள். வேண்டாமென்றால் அதையும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மராகேஷில் இரண்டு இரவுகள், ஒரு முழு நாள். குறைவுதான். வொலூபிலிஸை விட்டுவிட்டால் ஓர் இரவை இங்கே மாற்றலாம். மஜோரெல் தோட்டத்துக்கு இணையத்தில் நேரம் குறித்த சீட்டு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், பல நாள் முன்பே தீர்ந்துவிடும். நகரத்துக்குள் ஓடும் சிறிய பெத்தி டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம், உங்களுக்கு ஒன்று போதும். இரவு எட்டுக்கு மேல் மீட்டரில் பாதிக் கட்டணம் கூடும். மராகேஷில் மீட்டர் போட மறுப்பவர்கள் அதிகம், ஏறும் முன் பேசிவிடுங்கள்.

பத்தாம் நாள் காலை ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் காசாபிளாங்கா. பிற்பகலில் இரண்டாம் ஹசன் மசூதி. 1993ல் முடிந்த அந்த மசூதிக்குள் வழிகாட்டியோடு எல்லோரும் போகலாம். சுற்று நேரங்கள் தொழுகையை ஒட்டி மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரவை மராகேஷில் வைத்துக்கொண்டு விமான நாளன்று ரயிலை நம்பி ஓட வேண்டாம்.

அம்மாவின் சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. காய்கறி தாஜினும் (மண்சட்டிக் குழம்பு) ஏழு காய் கூஸ்கூஸும் (கோதுமை ரவைச் சோறு) பல இடங்களில் இறைச்சிச் சாற்றில்தான் வேகும், ஹரீரா சூப்பும் அப்படியே. மேலே இறைச்சித் துண்டு இல்லாததால் அது சைவம் என்று சொல்லிவிடுவார்கள். "பிலா ல்ஹம், பிலா மர்க்கா" என்று இரண்டையும் சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம், சாறும் வேண்டாம். கத்தரிக்காய் ஸாலூக், குடைமிளகாய் தக்காளி தக்தூகா, காலையில் மொச்சைக் கூழ் போன்ற பிஸ்ஸாரா, நம் பரோட்டாவுக்கு உறவான ம்ஸம்மென் ஆகியவை பெரும்பாலும் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. ரியாத் எனப்படும் பழைய வீட்டு விடுதியில் காலையில் சொல்லிவைத்தால் இரவுக்குத் தனியாகச் சமைத்துத் தருவார்கள். பாலைவனக் கூடாரத்துக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே சொல்லியாக வேண்டும்.

பணத்துக்கு யூரோவும், வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளும் கொண்டுபோங்கள். ரூபாய் அங்கே மாறாது. அந்நாட்டுப் பணமான திர்ஹாமை 2,000க்கு மேல் நாட்டுக்கு வெளியே எடுத்துவர அனுமதி இல்லை. மிஞ்சியதைத் திரும்ப மாற்ற, முதலில் பணம் மாற்றியபோது தந்த ரசீதைக் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுப்போங்கள், சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் பாலைவன வண்டியும் கூடாரமும், பிறகு ஃபெஸ், மராகேஷ் ரியாத்துகள், பிறகு மஜோரெல். ரயில் சீட்டுகளில் அல் புராக்குக்கு மட்டும் முன்கூட்டி எடுத்தால் போதும். ரயில்வே தளம் உங்கள் அட்டையை ஏற்காவிட்டால் ரபாத்தில் இறங்கியதும் நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். ரியாத் என்பது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வீடு. மின்தூக்கி அரிது, படிகள் செங்குத்து. முதல் செய்தியிலேயே தரைத்தள அறை உண்டா, வண்டி நிற்கும் வாசலிலிருந்து எத்தனை நிமிட நடை, சாமான் தூக்க ஆள் அனுப்புவார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ரியாத்துக்கு எழுதுங்கள்.